மழையைக் கேட்கப் போன இளவரசி

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்குத் தேனியில் கம்பம் பஸ் ஏறினேன். உத்தமபாளையத்துக்கு முப்பது ரூபாய் டிக்கெட். வீரபாண்டி தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரத் தொடங்கியது. திருவாரூர்ப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்தவள் நான். வானம் தரையில் இறங்கும் இடத்தில் மலை நின்று மறிப்பது எனக்குப் புதிது. அதன் தலையில் மேகம் கறுத்துக் கிடந்தது. சாலையிலோ புழுதி பறந்தது.

"அங்கன கேரளாவுல கொட்டித் தீர்க்கும். இங்கன வெறுங்காத்துதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

உத்தமபாளையத்தில் இறங்கினேன். கோம்பைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் என் திட்டம். ஆட்டோ வரிசையில் ஒன்றை ஒரு பெண் ஓட்டினார். அவர் இருக்கைக்குப் பக்கத்தில் தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம் ஒன்று இருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான்க்கா. இன்னைக்குச் சாயங்காலம் நான் இளவரசி. ஏறுங்க."

அவர் பெயர் செல்வராணி. நாற்பது வயதிருக்கும். கோம்பை வரையிலான எட்டொன்பது கிலோமீட்டரில் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். மலை முகட்டில் ஓர் அரக்கன் உட்கார்ந்துகொண்டு மழையை இந்தப் பக்கம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறான். இளவரசியைக் கொடுத்தால்தான் விடுவேன் என்கிறான். இளவரசி அழுகிறாள், எங்கிருந்தோ ஓர் இளவரசன் வந்து அரக்கனை வெட்டுகிறான். திருவிழாவுக்குத் திருவிழா இதே நாடகம்தான். இளவரசி வேடம் கட்டுவதும் ஆண்தான். இந்த முறை அந்த ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, செல்வராணி வேடத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"ஆனா நான் அழ மாட்டேன்னு சொல்லிட்டேன். இளவரசன் வேணாம். இளவரசியே வாளை எடுத்துக்கிட்டு மலை ஏறுவா. துணைக்கு ஒரு கோம்பை நாய். எங்க வீட்டு நாயே நடிக்குது."

"அரக்கன் யாரு?"

ஆட்டோவின் வேகம் சற்றுக் குறைந்தது. "என் வீட்டுக்காரரோட அண்ணன், எனக்கு மச்சான். எப்பவும் அவுகதான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். நான் ஆட்டோ ஓட்ட ஆரம்பிச்சதுல இருந்து என்கூடப் பேசுறதில்ல. ஒத்திகையில வசனம் மட்டும் சொல்லுவாக. முடிஞ்சா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருவாக."

"பயமா இருக்கா?"

"வசனம் மறக்காதுக்கா. ஆனா ஏதாவது சொதப்புச்சுன்னா, பொம்பளைக்கு இது தேவையாம்பாக. அப்புறம் எந்தப் பொம்பளப்பிள்ளையும் அந்த மேடை ஏறாது."

மதியம் முழுக்கத் திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்தபடி சுற்றினேன். மேலே முகட்டில் காற்றாலைகள் விடாமல் சுழன்றன. ராத்திரி தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று செல்வராணி சொன்னதால், நாடகத்தைப் பார்க்காமல் திரும்ப எனக்கும் மனம் வரவில்லை.

ஆறரை மணிக்குக் கோம்பைக் கோயில் திடலில் உட்கார இடமில்லை. பெண்கள் முன்வரிசை வரை வந்திருந்தார்கள். செல்வராணி அட்டை வாளோடு மேடையில் ஏறியதும் பின்னால் ஒருவன் விசிலடித்தான். அவர் கண்டுகொள்ளவில்லை. கணீரென்ற குரலில் வசனம் பேசி, காட்டைக் கடந்து, பாறைகளாக வைத்திருந்த மேசைகள் மேல் ஏறினார். செம்பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியுமாக நாய் பின்னாலேயே வந்தது.

அரக்கன் வேடத்தில் அந்த மச்சான், வீரணன், கொம்பும் கறுப்புச் சாயமுமாக எழுந்து நின்றார். மேகத்துக்காகக் கட்டிய நீலத் துணியின் கயிறு அவர் கையில் இருந்தது. நாய் இப்போது அவர்மேல் பாய வேண்டும். பாயத்தான் செய்தது. பாய்ந்து, அவர் மார்பில் கால் வைத்து, வாலை ஆட்டிக்கொண்டு முகத்துச் சாயத்தை நக்கியது. ஒரே வாசலில் தினமும் சோறு போடுகிற கையை அதற்குத் தெரியாதா?

"ஏலே, அரக்கனைக் கடிக்கச் சொன்னா கொஞ்சுதுடா!" என்று யாரோ கத்த, திடலே சிரித்தது. வாளை ஓங்கிய கையோடு செல்வராணி நின்றுவிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

அவர் வாளை மெல்லக் கீழே வைத்தார்.

"அரக்கனே, என் நாய்க்குப் பொய் தெரியாது. உன்னை வெட்ட வந்தேன். இப்போது கேட்கிறேன். எங்கள் மழையை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய்?"

அந்த வசனம் நாடகத்தில் இல்லை. வீரணன் விழித்தார். பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சிரிப்பு அடங்கியது. நாயின் தலையைத் தடவியபடி அவர் வீட்டுப் பேச்சில் சொன்னார்:

"யாரும் மேல வந்து என்ன ஏதுன்னு கேக்கலையே ஆத்தா. வந்தவுக எல்லாரும் வாளோடதான் வந்தாக."

"இப்பத்தான் நான் வந்து கேக்குறேன்ல. விடுங்க மச்சான்."

வாய் தவறி வந்த அந்த 'மச்சான்' ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. நாடகப்படி கயிற்றை இளவரசி வெட்ட வேண்டும். வீரணன் தானே முடிச்சை அவிழ்த்து, நுனியைச் செல்வராணி கையில் கொடுத்தார். நீலத் துணி மேடை முழுக்க இறங்கியது. முன்வரிசைப் பெண்கள் எழுந்து குலவையிட்டார்கள்.

ராத்திரி மழை ஒன்றும் பெய்யவில்லை. காலை ஏழு மணிக்கு நான் கிளம்பும்போது, வீரணன் காதோரம் கறுப்புச் சாயம் மிச்சமிருக்க ஆட்டோவின் அருகில் வந்து நின்றார்.

"உத்தமபாளையம் வரைக்கும் போகணும். இடம் இருக்கா?"

"ஏறுங்க" என்ற செல்வராணியின் குரல் மேடையில் இருந்ததுபோல் அத்தனை கணீரென்று இல்லை.

ஆட்டோ ஊரைத் தாண்டியது. எனக்குத்தான் பேச்சு நிற்காது. எங்கள் ஊர் நாடகங்களில் அரக்கன் ஒவ்வொரு வருடமும் தவறாமல் செத்துப்போவான், நாங்களும் அதைப் பார்த்த திருப்தியில் எழுந்து வீட்டுக்குப் போவோம் என்று வீரணனிடம் சொன்னேன்.

"இனிமே இங்கன சாக மாட்டான். திருவிழாக் கமிட்டியில காலையிலேயே சொல்லிட்டேன்" என்றார் வீரணன்.

செல்வராணி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "இளவரசிகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

வீரணன் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதைக் கேக்கத்தானே ஆத்தா ஏறினேன்."