ஹமீட் கீறிய அட்டைப்படம்

சாய்ந்தமருதில் ஹமீட் எழுதாத கடைப்பெயர்ப் பலகை இல்லை. டிஜிற்றல் பேனர் வந்து அந்த வேலையைத் தின்ற பிறகு, என்னைப் போன்ற உள்ளூர் எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு அட்டைப்படம் கீறத் தொடங்கினார். நேர்த்தியான கை. ஒரேயொரு பிடிவாதம், முகம் கீறமாட்டார். முகம் வைத்தால் மறுமையில் அதற்கு உயிரும் கொடு என்று கேட்பார்கள், அதற்கு நான் எங்கே போவேன் என்பார். அவருடைய அட்டைகளில் மனிதர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள்.

நான் கனகரெத்தினம், கல்முனையில் பௌதிகம் படிப்பித்தவன். ஓய்வுபெற்றதும் சும்மா இருக்க முடியாமல் ஒரு விஞ்ஞான நாவல் எழுதினேன். செவ்வாயில் இறந்துபோன ஒரு பெண்ணை இரண்டு விண்வெளி வீரர்கள் பூமிக்குத் தூக்கிவரும் கதை. அட்டையில் அந்தக் காட்சிதான் வேண்டுமென்றேன். தலைக்கவசக் கண்ணாடி இருப்பதால் முகத்துக்கு வேலையில்லை என்று ஹமீட்டுக்குச் சந்தோஷம். நான் விடவில்லை. இறந்தவளின் முகமாவது தெரியவேண்டும், அதில்லாவிட்டால் கதையே இல்லை என்று அடம்பிடித்தேன். அவர் பார்ப்போம் என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். வீரர்கள் இருவரும் முடிந்திருந்தார்கள். படத்தின் நடுவை மட்டும் ஒரு துணி மூடியிருந்தது. வீரர்கள் போட்டிருந்த மாதிரி விண்வெளி உடுப்பை நான் எங்கேயும் கண்டதில்லை. முழங்காலில் வெள்ளைத் துணி தொளதொளவென்று சுருங்கிக் கிடந்தது. காலில் பொலித்தீன் உறை, மணிக்கட்டைச் சுற்றி டேப். படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? டேப்பெல்லாம் ஒட்டமாட்டார்கள், காற்றுப் போனால் ஆள் செத்துவிடுவான் என்று பாடம் எடுத்தேன்.

“நான் கண்ட உடுப்பு இதுதான் சேர்” என்றார் ஹமீட். “சுபைறாவக் கொண்டுபோன ஆக்கள் இதத்தான் உடுத்திருந்தாங்க.”

சுபைறா அவருடைய மனைவி. கொரோனாவில் மௌத்தானவர். ஆஸ்பத்திரியிலேயே பெட்டியை மூடி, கொரோனாவில் இறந்தவர்களுக்கென்று ஒதுக்கிய ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். ஹமீட் தூரத்தில் நின்று பெட்டியை மட்டும் பார்த்தார். மகள் அஸ்னா அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அவளை அடைத்து வைத்திருந்ததால், அவளுக்கு அந்தப் பெட்டிகூடக் கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இந்த மனுசனிடம் போய் இறந்தவளின் முகம் கேட்டிருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே வெறுப்பாக இருந்தது. முகம் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன்.

“கீறிட்டன் சேர். மறுமையில கேட்டா நான் பதில் சொல்லிக்குவன்.” துணியின் மேல் கையை வைத்துக்கொண்டார். “ஆனா நீங்க பாக்கேலா. அவ அந்நிய ஆம்புளைக்கு மொகம் காட்டுறல்ல. கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

நான் வாசலுக்கு வந்தேன். ஹமீட் கூப்பிட, அஸ்னா என்னைத் தாண்டி உள்ளே போனாள், கதவு சாத்தப்பட்டது. துணியை எடுத்திருக்கவேண்டும். அவள் தாயை ‘உம்மா’ என்று கூப்பிட்டது கேட்டது. வெகுநேரம் கழித்து ஹமீட்டின் குரல் வந்தது.

“நல்லாப் பாத்துக்கங்க மகள். மூடப் போறன்.”

மையத்து வீடுகளில் உடலைச் சுற்றும் கபன் துணியை முகத்தின்மேல் கட்டுமுன் இப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரனாக நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சுபைறாவுக்கு அதைச் சொல்ல ஒருவரையும் விடவில்லை. அஸ்னா அழத் தொடங்கினாள். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது இறந்தவளின் தலைக்கவசக் கண்ணாடி முழுக்கக் கறுப்பாக இருந்தது, பெயின்ற் காயவில்லை. அஸ்னாவின் விரல்களிலும் கறுப்பு. கடைசிப் பூச்சை மகள்தான் பூசினாள் என்றார் ஹமீட். பிறகு தூரிகையை எடுத்து, மணிக்கட்டு டேப்பை அழித்துவிடவா என்று கேட்டார்.

அதில் கைவைக்க வேண்டாம் என்று சொன்னேன்.