ரப்பர் நுரையீரலும் ஒரு கேபிளும்

அலுவலகத்தில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். பேட்டரி மிச்சமாக, கருவியின் மூளையான ப்ராசஸரைத் தூங்கவைப்பதுதான் உத்தியோகம். சோம்பேறிகளை எழுப்பவே ஆள் போதாத உலகத்தில், உழைக்கிற ஒன்றைத் தூங்கவைத்துச் சம்பளம் வாங்கிய மனிதர்.

கருவி சின்னது. நோயாளியின் மார்பில் பட்டையோடு கட்டுவது. மூச்சு நின்றால் அலறும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் எல்லாவற்றையும் மேய்க்கும் கெர்னல் என்கிற மென்பொருளிடம், "நான் கூப்பிட்டால் ப்ராசஸர் இத்தனை நேரத்துக்குள் எழுந்து வர வேண்டும்" என்று ஒரு கெடு வைத்திருக்கும். எது மிகக் குறைவோ அதுதான் செல்லும். ப்ராசஸர் அதை மீறி ஆழமாகத் தூங்கக் கூடாது. முன்கோபி ஒருவர் இருக்கும் வீட்டில் எல்லாரும் அவருக்காக விழித்திருப்பது மாதிரி. இந்த வீட்டு முன்கோபி, மூச்சை அளக்கும் சென்சார். அளவுகளைச் சேர்த்துவைக்க அதற்கு இடம் கொஞ்சம். ப்ராசஸர் எழத் தாமதித்தால் புதியது பழையதை அழித்துவிடும்.

மேலாளருக்கு முன்கோபியைப் பிடிக்கவில்லை.

"பேட்டரி நாள் முழுக்க நிக்கணும், தாலாட்டு. அந்தக் கெடுவைக் கொஞ்சம் தளர்த்துங்களேன்."

"அளவு தொலைஞ்சு போகும் சார்."

"பாக்காமலே புலம்பாதீங்க."

தளர்த்தினார். சோதனை மேசையில் ரப்பர் நுரையீரல் உப்பி உப்பி அடங்கியது. நிறுத்தினார்கள், கருவி அலறியது. எத்தனை தடவை நிறுத்தினாலும் அலறியது. எல்லாரும் கைதட்டினார்கள். வீணாகப் பயந்தோமே என்று தாலாட்டுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்தத் தெம்பில் ஒரு கருவியை வீட்டுக்கும் கொண்டுபோனார். நுரையீரல் கெட்டுப்போன அக்கா அவரோடுதான் இருந்தாள். தூங்கினால் மூச்சு நிற்கும், உலுக்கினால் திரும்பும். உலுக்குவதற்காகவே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

"உன் ப்ராசஸருக்குக் குடுக்குற தூக்கத்துல பாதியை எனக்குக் குடுடா," என்றாள் அக்கா, பட்டையைக் கட்டிக்கொண்டே.

"இனிமே நிம்மதியாத் தூங்குக்கா. மூச்சு நின்னா தெருவே எழுந்திரிச்சிடும்."

ஒரு மத்தியானம் அவள் உள்ளறையில் கண்ணயர்ந்தாள். அவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்தார். சத்தமே வரவில்லை. வராத சத்தத்தை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, டீ போட்டு எடுத்துப்போய் எழுப்பினார். அக்கா எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் நேராகச் சோதனை மேசைக்குப் போனார். ரப்பர் நுரையீரலை நிறுத்தினார். கருவி பழையபடி அலறியது. அப்போதுதான் அதன் பக்கவாட்டில் செருகியிருந்த கேபிளைப் பார்த்தார். உள்ளே நடப்பதைத் திரையில் படிப்பதற்காக யாரோ செருகியது, ஒருவரும் பிடுங்கியதில்லை. கேபிள் இருக்கும்வரை ப்ராசஸர் ஆழமாகத் தூங்காது.

பிடுங்கினார். மறுபடி நிறுத்தினார்.

கருவி வாயே திறக்கவில்லை. மூச்சு இல்லையென்றால் அசைவு இல்லை, அசைவு இல்லையென்றால் வேலை இல்லை என்று ப்ராசஸர் அயர்ந்து தூங்கியது. தாமதமாக எழுந்து, தொலைந்துபோன அளவுகளைப் பார்த்து, பட்டை நழுவியிருக்கும் என்று முடிவுகட்டியது.

பின்னால் நின்ற மேலாளர் தொண்டையைச் செருமினார். "அக்கா விஷயம் கேட்டு மனசே சரியில்லை. ஆனா... கேபிளோட நல்லாத்தானே ஓடுது? பெட்டியில ஒரு கேபிளையும் போட்டுக் குடுத்துட்டா?"

தாலாட்டு பழைய கெடுவைத் திரும்ப எழுதினார்.

"பேட்டரி எவ்வளவு நிக்கும்?"

"அரை நாள் சார்."

"எவன் வாங்குவான்?"

"வாங்காம இருக்கட்டும்."

கேபிள் இல்லாமல் நுரையீரலை நிறுத்தினார். கருவி கட்டடமே அதிர அலறியது. மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அணைக்கிற பொத்தானைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று தாலாட்டு சொல்லவில்லை.