இருமாத லாரி

என் லாரியின் எஞ்சின் இருமி இருமியே நின்றுபோனது. கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஒரு வண்டியின் பிளாக், இன்னொன்றின் ஹெட், விபத்தில் நொறுங்கிய மூன்றாவதன் டர்போ எனப் பொறுக்கி, மெக்கானிக்கோடு சேர்ந்து வேறொரு எஞ்சினைக் கூட்டினேன். சைலன்சர்கூடப் புதிது. கம்பி லோடோடு மேம்பாலத்தில் முனகாமல் ஏறியது.

தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டதுமே மனைவி டீ போட்டுவிடுவாள். அன்று வீட்டுக்குள் போனால் அடுப்பே பற்றவில்லை.

"இவ்ளோ பாடுபட்டு வந்தா ஒரு டீ இல்லியா?" என்று கத்தினேன்.

"நம்ம வண்டியா அது? இருமாம வந்துச்சா, எவனோ போறான்னு உக்காந்துகினு இருந்தேன். இனிமே நீ வர்றது எனக்கு எப்டித் தெரியும்?"

மறுநாள் முதல் வேலையாக, கழற்றிப் போட்ட பழைய ஓட்டைச் சைலன்சரையே திரும்ப மாட்டிக்கொண்டேன்.