மூன்றாவது மூடி

துறைமுக வாயிலுக்குள் கப்பல் ஒன்று நுழையும்போதே அதன் எஞ்சினில் எத்தனையாவது சிலிண்டர் வெடித்திருக்கிறது என்று, என் வீட்டுக் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டே சொல்லிவிடுவேன். துறைமுகப் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்த காது இது. ஒருமுறை கப்பல் தூத்துக்குடியை விட்டுப் புறப்படும்போதே சொன்னேன். வந்து பிரித்துப் பார்த்தார்கள். நான் சொன்ன சிலிண்டர்தான்.

என் தங்கச்சியின் மகள் பிரியதர்சினி இதை நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் இனிச் சொல்லப்போவது நடந்தது. அபூதாஹிருக்கு நடந்தது. இருட்டில் அல்ல, பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பதினேழுக்கு. நான் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவன்தான். இந்த நேரங்களில் மட்டும் கை வைக்கவில்லை.

அபூதாஹிர் கிண்ணியாக்காரர். அவருடைய கராச் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. சாதாரணக் கார் எஞ்சினைப் பிரித்து, வலுவேற்றி, புயல்போல் ஓடவைப்பது அவர் தொழில். போன வருடம் ஓட்டப் போட்டிக்கு அவர் கட்டிய எஞ்சின் மூன்றாம் சிலிண்டர் அருகே வெடித்தது. எண்ணெய் டயரில் கொட்டியது. கார் நாலு தரம் உருண்டது. உள்ளே இருந்தவன் அவருடைய ஒரே மகன் இன்பாஸ். நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரி. ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்த முதல் நாளே பெடியன் சொன்னான்.

“வாப்பா, அடுத்த ஓட்டத்துக்கும் பேர் குடுத்திட்டன்.”

அபூதாஹிர் ஏசினார். கெஞ்சினார். உம்மாவை அழவைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. மகனை மறிக்க ஏலாது. எஞ்சின் வெடிப்பதை மறிக்கலாம். அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இன்னொரு தரம் வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக்கூட வேலை இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

முதல் எஞ்சின் வெடிக்கும் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவன் இருந்தான். திரியாய் ஊர்க்காரன் முத்தன். என் வயசுக்காரன், இருபது வருடம் அந்தக் கராச்சில் வேலை செய்தவன். வலது கையில் சுட்டுவிரல் இல்லை, லேத் மெஷின் வாங்கிக்கொண்டது. எந்த எஞ்சின் புளொக் வந்தாலும் பித்தளைச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பான். நல்ல இரும்பு ‘டிங்’ என்னும். பழுதானது ‘டக்’ என்னும்.

“தம்பி, சிலிண்டரைச் சுத்தித் தண்ணி ஓடுற இடத்தில பாதிக்குச் சிமெந்து ஊத்துவம். சுவர் அசையாது,” என்றான் முத்தன்.

“என்ன முத்தண்ணே, எஞ்சினா கட்டுறம், கக்கூசா கட்டுறம்?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் அபூதாஹிர்.

முத்தன் சுத்தியலை ஆணியில் கொழுவிவிட்டுத் திரியாய் பஸ் ஏறினான். பிறகு வரவேயில்லை. எஞ்சின் வெடித்து மூன்றாம் மாதம் செத்துப்போனான். மன்னிப்புக் கேட்கலாம் என்று அபூதாஹிர் போய் இறங்கியபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

இந்த முறை அவர் சிமெந்து ஊற்றத் தீர்மானித்தார். வீடு கட்டுகிற சிமெந்து அல்ல, எஞ்சினுக்கென்றே வருகிற தூள். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. இரும்பு எந்த நெளிவில் இருக்கும்போது சிமெந்து காய்கிறதோ, அந்த நெளிவு பிறகு மாறாது. அதனால் மேலே கனத்த இரும்புத் தட்டை வைத்துப் பூட்ட வேண்டும். கீழே கிராங்கைத் தாங்குகிற ஐந்து மூடிகளையும் அளவாக இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஊற்றலாம். தூளைக் கலக்கினால் இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு அது கல். அவ்வளவுதான்.

தூள் வந்து சேர்ந்ததே அந்த வெள்ளிக்கிழமை காலைதான். அன்றைக்கு ஊற்றாவிட்டால் ஓட்டத்துக்கு முன் காய நாள் போதாது. பதினொன்று நாற்பத்தெட்டுக்கு அவர் தாங்கியில் ஏற்றிய புளொக்கின் கீழே படுத்து மூடிகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது இன்பாஸ் வந்து குனிந்தான்.

“வாப்பா, ஜும்மாவுக்கு நேரமாகுது. எழும்புங்க.”

“நீ போ மகன். நான் பின்னால வாறன்.”

“உண்மையா?”

“ஓமடா! வாறன்!”

பொய். பையன் நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்தார். வேலைக்காரரும் போனார்கள். ஜும்மாத் தொழுகை நேரத்தில் ஆள் உள்ளே இருப்பதை ஊர் பார்க்கக்கூடாது என்று ஷட்டரை இழுத்து உள்பக்கம் பூட்டினார். தூள் பறக்குமே என்று மின்விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து மிச்ச மூடிகளை இறுக்கி முடித்தார்.

12.04. தூளில் தண்ணீர் விட்டுக் கலக்கத் தொடங்கினார்.

12.11. பள்ளிவாசலில் பாங்கு. ‘யா அல்லாஹ், பிள்ளைக்காகத்தான்’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். தட்டில் இருந்த துளைகள் சின்னிவிரல் மட்டுமே நுழைகிற அகலம். கோப்பை கோப்பையாக விட்டார்.

12.16. ஊற்றி முடிந்தது. முதுகில் ஒரு வாளி வியர்வை. சரி, அரை வாளி.

12.17.

டிங்...

கடலில் ஏதோ வள்ளம் என்று நினைத்தார்.

டிங்...

வள்ளம் அல்ல. கராச்சுக்குள். பின்னால்.

திரும்பினார். ஆணியில் தொங்கிய பித்தளைச் சுத்தியல் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லை. விசிறி நின்றிருந்தது. ஷட்டர் மூடியிருந்தது. சுத்தியல் மட்டும்... மெதுவாக... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்...

பார்த்துக்கொண்டே இருந்தார். அது நின்றது.

டிங்...

சத்தம் சுத்தியலில் இருந்து வரவில்லை. புளொக்கில் இருந்து வந்தது. ஈரச் சிமெந்து நிறைந்த இரும்பு ஒலிக்காது. மேலே தட்டையும் பூட்டியாயிற்று. சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் ‘டக்’ என்றுதான் கேட்க வேண்டும். இது கோயில் மணிபோல் ஒலித்தது.

12.20. மறுபடி ஆணியைப் பார்த்தார்.

ஆணியில் சுத்தியல் இல்லை.

“முத்தண்ணே...” என்றார். “மன்னிச்சுக்கொள்ளுங்க... நான் வந்தனான்... பிந்திப்போச்சு...”

ஷட்டருக்கு ஓடினார். சட்டைப்பைக்குள் பூட்டுத் திறப்பு. எடுத்தார். விழுந்தது. குனிந்து எடுத்தார். பூட்டில் நுழைத்தார். வெளியே வெயில். வெளியே உயிர். ஒரு திருப்பு திருப்பினால் போதும்.

பின்னால் மறுபடி தட்டியது. இந்த முறை ஒழுங்காக.

டிங்... டிங்... டக்... டிங்... டிங்...

ஐந்து தட்டு. இடைவெளி. மறுபடி ஐந்து.

டிங்... டிங்... டக்... டிங்... டிங்...

அவர் கை திறப்பிலேயே உறைந்தது. ஐந்து. ஐந்து மூடி. மூன்றாவது...

மூன்றாவதை இறுக்கும்போதுதான் மகன் வந்து குனிந்தான். அவர் போல்ட் இறுக்கும் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் பொய் சொன்னார். திரும்பி வந்து தொடங்கியது... நாலாவதில்.

12.23.

இன்னும் ஆறு நிமிடம். அதற்குப் பிறகு கோணலோடு கல்லாகிவிடும். அந்தக் கோணலோடு பிள்ளை ஓடுவான். அதே இடத்தில் வெடிக்கும்.

வேறு புளொக் இல்லை. வேறு நாளும் இல்லை. ஈரத்தோடு அதைப் புரட்டவும் ஏலாது. கீழேதான் போக வேண்டும். அந்தச் சத்தத்தின் கீழே.

போனார்.

அழுதுகொண்டே போனார்.

முதுகில் சிமெந்துத் தரை. முகத்துக்கு மேலே நூறு கிலோ இரும்பு. மூன்றாவது மூடியின் இரண்டு போல்டையும் தொட்டார். விரலாலேயே சுழன்றன.

12.25. சாவியைப் போட்டார். இறுக்கினார். ‘கிளிக்.’ சாவி அளவு காட்டியது. ஒரு போல்ட் சரி.

சாவி வழுக்கி விழுந்தது. எங்கே? இருட்டு. தடவினார். இல்லை. இந்தப் பக்கம்... இல்லை.

12.27.

“முத்தண்ணே!” என்று கத்தினார். “சாவி!”

இருபது வருடம் அப்படித்தான் கேட்டிருக்கிறார். யோசித்துக் கேட்டதல்ல. வாய் கேட்டது. கையை வெளியே நீட்டினார்.

உள்ளங்கையில் சாவி வந்து அமர்ந்தது.

பிடிப் பக்கம்.

குளிர்ந்த விரல்கள் தொட்டு விலகின. பெருவிரல்... ஒரு வெறுமை... மூன்று விரல்.

‘கிளிக்.’

12.29.

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஜும்மா முடிந்து வந்தவர்கள் ஷட்டரில் தட்டியபோது அவர் கீழேயே கிடந்தார். இன்பாஸ் பின்கதவை உடைத்து வந்து காலைப் பிடித்து இழுத்தான். சுத்தியல் ஆணியில் தொங்கியது.

“நானா, சிமெந்து காயேக்க சூடாகும். இரும்பு சத்தம் போடும். சாப்பிடாமல் வேற இருந்திருக்கிறீங்கள்,” என்று அபூதாஹிரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னாள் பிரியதர்சினி. அந்தக் கராச்சில் கணினியை வைத்து எஞ்சினுக்கு வேகம் ஏற்றிக் கொடுப்பவள் அவள். எண் கணக்கைத் தவிர எதையும் நம்பாதவள். என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்கள் வேற இதுக்கு வாலும் கொம்பும் வைக்கத் தொடங்காதேங்கோ,” என்றாள். நான் ஏற்கெனவே அஞ்சாறு பேருக்குச் சொல்லி முடித்திருந்தேன். கொம்போடு.

ஓட்ட நாள் வந்தது. அபூதாஹிர் பார்க்கவில்லை. காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கால் கேட்டார். எஞ்சின் ஒரு சுரம் பிசகாமல் அலறிப் போய் முடித்தது. இன்பாஸ் தன் காலாலேயே நடந்து வந்து வாப்பாவைக் கட்டிப் பிடித்தான்.

மறுநாள் எஞ்சினின் தலையைக் கழற்றினார்கள். சிமெந்து வெடித்திருக்கிறதா என்று பார்க்கப் பிரியதர்சினி ஒரு மெல்லிய வயர்க் கமராவைத் தண்ணீர்த் துளை வழியாக உள்ளே விட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். திரையில் சாம்பல் நிறச் சிமெந்து தெரிந்தது. வெடிப்பே இல்லை. முதலாம் சிலிண்டர். இரண்டாம் சிலிண்டர். மூன்றாவதில் அவள் கை நின்றது.

சின்னிவிரல் மட்டுமே நுழைகிற துளைக்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், காய்ந்த சிமெந்தில் விரல் நுனிகள் பதிந்திருந்தன. ரேகையோடு. பெருவிரல். ஒரு இடைவெளி. பிறகு மூன்று.

அவள் கமராவை வெளியே எடுத்துத் துடைத்தாள். மறுபடி விட்டாள். அதேதான். அளந்தாள். எழுதினாள். எழுதியதை வெட்டினாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“மாமா, இதுக்கு ஒண்டும் கூட்டிச் சொல்லாதேங்கோ. தேவையில்லை. நடந்தது.”