கைவிட்ட தங்கச் சுரங்கமும் எங்கள் உரைகல்லும்

கல்கத்தா பவானிபூரிலிருந்து குதிரை வண்டியில் ஹவுரா ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது காலை ஆறு மணி. ஏழு மாதக் குழந்தையோடு நான் செய்யும் முதல் ரயில் பயணம். வெந்நீர்க் கூஜாவை எடுத்தேனா என்று பிளாட்பாரத்திலேயே மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

நாங்கள் போனது சக்ரதர்பூருக்கு. என் கணவரின் அக்கா அங்கே இருக்கிறார். அவர் கணவருக்கு ரயில்வேயில் உத்தியோகம். கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய இருநூறு மைல். கரக்பூர் வரை குளமும் நெல்வயலுமாக வந்த பூமி, அதற்குப் பிறகு செம்மண்ணும் சால மரக்காடுமாக மாறிவிடுகிறது. சாயங்காலம் போய் இறங்கினோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் பழைய தங்கச் சுரங்கம் பார்க்கக் கிளம்பினோம். பத்து மைல் தூரம்; போய்வர ஒன்றரை ரூபாய். குழந்தைக்கு வெயில் ஆகுமா என்று நான் தயங்கினேன். ஆனால் தங்கம் எடுத்த இடத்தைப் பார்க்கும் ஆசை எனக்குத்தான் அதிகம்.

அங்கே செங்கல் புகைபோக்கி ஒன்று, துருப்பிடித்த நீராவி எஞ்சின் ஒன்று, பலகை போட்டு மூடிய குழி ஒன்று. அவ்வளவுதான். வங்காளிக் காவல்காரர் ஒருவர் சுற்றிக் காட்டினார். பத்துப் பதினைந்து வருஷம் முன்பு, ஆற்று மணலை அலசிப் பெண்கள் தங்கப்பொடி எடுப்பதைக் கேள்விப்பட்டு ஒரு கம்பெனி வந்ததாம். மணலில் இருந்தால் மலையில் இராதா என்று தோண்டினார்களாம். கல்கத்தாவில் பங்குகள் விற்றன; கிடைத்த தங்கம் கூலிக்குக்கூடப் போதவில்லை; அடியில் தண்ணீர் வேறு ஊறிவிட்டது.

"தோண்டினது இங்கே, மா. தங்கம் எடுத்தது உங்க கல்கத்தாவில்" என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார்.

கற்குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளைப் படிகக்கல்தான் தங்கத்தின் வீடாம். அதில் மயில் கழுத்து நிறத்தில் மினுங்குவது தாமிரம். மஞ்சளாகச் சதுரம் சதுரமாக இருப்பது கந்தகமும் இரும்பும் கலந்தது. வெள்ளி போல் பளபளத்த ஒன்றைக் காவல்காரர் சுத்தியால் தட்டினார். எங்கள் சமையலறைக்குள் நுழையாத பூண்டு வாசனை வந்தது. அதில் பாஷாணம் இருக்கிறதாம். கம்பெனிக்காரர்கள் கல்லை வறுத்தபோது வந்த வெள்ளைப் புகையில் பக்கத்தில் மேய்ந்த ஆடுகள் செத்தன என்றார். நாத்தனார் அப்போது எங்களோடு இல்லை. சற்றுத் தள்ளி, மடியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, உரை மருந்து கொடுக்க உட்கார்ந்தோம். வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து, கடைசியில் பொன்னை ஒரு இழை இழைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வழக்கமல்லவா? நாத்தனார் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மஞ்சளும் வெள்ளியுமாக மின்னியது.

"மோதிரத்துல செம்பு கலந்திருக்கும். இது பூமியிலேந்து வந்த பொன்" என்று சொல்லி உரைகல்லில் இழைத்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது.

கறுக்கிறதே அக்கா என்றேன்.

"மருந்துன்னா கறுப்பாத்தானே இருக்கும்? சுட்ட வசம்பு என்ன மஞ்சளாவா இருக்கு?"

அதுவும் சரிதானே என்று ஒரு கணம் தோன்றியது. வாசற்படியில் நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் தாழ்ந்த குரலில், "ஆடு செத்தது புகையிலதானே? அக்கா ஆசையாப் பண்றா" என்றார். மூத்தவர், அன்பாகச் செய்கிறார், அவர் வீடு வேறு. நான் பயந்தாங்கொள்ளி என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நாத்தனார் தேனை ஊற்ற எடுத்துவிட்டார். குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். என் மோதிரத்தையும் பக்கத்துல ஒரு இழை இழைச்சுப் பாத்துடலாமே" என்றேன். பதிலுக்குக் காத்திராமல் மோதிரத்தைக் கழற்றிக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று மஞ்சள் கோடு விழுந்தது.

நாத்தனார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் ஆடுகளின் கதையைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் உரைகல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்று குழந்தைக்கு மருந்து கொடுக்கவில்லை.

நான்காம் நாள் திரும்பினோம். இங்கே பவானிபூரில் நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்க்கும் தங்கத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. கல்லுக்குள் இருக்கும்போது அது எத்தனை பேரோடு கலந்து வாழ்கிறது என்பதை அங்கே போனதால்தான் அறிந்தேன். பிரமித்தேன், பயந்தேன்; இரண்டும் உண்மை.

திரும்பும் அன்று சக்ரதர்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது, முந்தின நாளிலிருந்து என்னிடம் அளந்தே பேசிய நாத்தனார் குழந்தையைக் கையில் வாங்கினார். முத்தம் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். விரலால் அதன் உதட்டை மெல்லப் பிரித்து, நாக்கையும் ஈறையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். கார்டு விசில் ஊதிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.