பிடித்து வைத்த தண்ணீர்

எங்கள் கூடத்திலிருந்த மூன்றடித் தொட்டியின் இடது மூலையில் கசிவு தொடங்கியபோது என் மனைவி கவலைப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொண்டாட்டம் என்பது எனக்குத் தெரியும். ஐந்தடித் தொட்டி வாங்க அவள் வெகு நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். கடவுளாகப் பார்த்து ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்.

"சும்மா ஒட்டிப் பாக்கலாம்லா," என்றேன்.

"ஒட்டுனா நிக்காதுங்க. கீழ பலகையும் ஊறிப் போச்சு. ஒரு நாளைக்கு மொத்தமும் கூடத்துல ஊத்தும். அப்புறம் உங்க சோபாவுலதான் கோரல் வளக்கணும்."

நான் மீன்தொட்டி என்பேன். அவளுக்கு அந்தச் சொல் பிடிக்காது. அதில் மீன் என்று பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டே இரண்டுதான். மீதியெல்லாம் அவள் கோரல் என்று சொல்லும் பவளங்கள். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டுக் கூடத்தில், உப்புக் கரைத்த தண்ணீரில், நீல விளக்குக்கு அடியில் அவள் ஒரு துண்டுக் கடலை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் பவளம் உயிருள்ளது என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விளக்கு எரிந்து, பம்பு ஓடி, தண்ணீர் அசைந்துகொண்டிருந்தால் ஒவ்வொன்றும் விரல் விரலாக விரிந்து ஆடும். இரண்டையும் நிறுத்திவிட்டால் சுருங்கி உள்ளே போய்விடும். அப்போது பார்ப்பவர்களுக்கு அது பாசி பிடித்த கல்தான்.

அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை. இருட்டில் கிளம்பி, எல்லை தாண்டும் பாலத்து நெரிசலில் நின்று, வீடு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்குக் கொடுக்கப்பட்ட பதவி தண்ணீர் தூக்குவது. யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்று முனகிக்கொண்டே தூக்குவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் இந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று உறவில் சிலர் பேசினார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததைச் செய்ய மனுஷிக்கு ஒரு குறை இருந்தே ஆக வேண்டுமா என்ன?

எல்லாவற்றிலும் அவள் செல்லம் ஒரு பச்சைப் பவளம். உடம்பெல்லாம் பச்சை, நுனி மட்டும் மஞ்சள். சுண்டுவிரல் அளவுத் துண்டாக வந்தது, வருடக்கணக்கில் வளர்ந்து என் இரண்டு கைகளையும் குவித்தாலும் கொள்ளாத அளவுக்கு ஆகிவிட்டது. பக்கத்தில் இருப்பதைத் தொட்டால் கொட்டிச் சாகடித்துவிடும். அதற்குத் தனி இடம் வேண்டும் என்பதுதான் பெரிய தொட்டிக்கு அவள் சொன்ன முதல் நியாயம்.

தம்போயில் அளவெடுத்துத் தொட்டி செய்துகொடுக்கும் ஒரு சீன முதலாளியிடம் சொன்னோம். பழைய தொட்டியைக் காலி செய்து பிரித்தோம். புதியது வரும்வரை மீன்களைத் தன் கடையில் வைத்துக்கொள்வதாக முதலாளி சொன்னார், கொடுத்தோம். பவளங்களையும் கேட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். கடைத் தண்ணீரில் என்னென்ன பூச்சி இருக்கிறதோ என்று அவளுக்குப் பயம். ஆக, பவளங்கள் எல்லாம் அடுப்பு இருந்த எங்கள் பின்பக்கக் குசினிக்குக் குடிபெயர்ந்தன. பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள், சின்னப் பம்புகள், கம்பியில் கட்டித் தொங்கவிட்ட விளக்கு. பக்கத்தில் பீப்பாய் போன்ற நீல நிறத் தோங்குகளில் வடிகட்டி உப்புக் கலந்த தண்ணீர், புதுத் தொட்டிக்காகப் பிடித்து வைத்தது. குசினியில் நான் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது.

"நான் வர்றதுக்குள்ள லோரி வந்திருச்சுன்னா மத்ததெல்லாம் எடுத்து வைங்க. பச்சையை மட்டும் தொடாதீங்க. நான் வந்து தூக்கறேன்."

"ஏன், என் கை என்ன முள்ளா?"

"முள்ளு இல்ல, அவசரம்," என்றாள்.

லோரி வருவதற்கு முன் அவள் போய்விட்டாள். வேலை முடிந்து திரும்பும்போது குடிநுழைவுச் சோதனை வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். பின்னால் நின்ற ஒரு மலாய்க்காரப் பெண் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் காலில் காலணி அப்படியே இருந்தது. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எனக்குச் சொல்ல வரவில்லை.

மறுநாள் அவளைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தடித் தொட்டிக்காக நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில்தான் வைத்தார்கள். கூடத்தில் வேறு இடம் இல்லை.

உலு திராமிலிருந்து அவளுடைய அக்கா வந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து எங்கள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தது வரை எல்லாம் இந்த அக்காதான். அன்றைக்கும் அவர்தான் முன்னால் நின்றார். தங்கையைத் தானே குளிப்பாட்டினார், தானே பொட்டு வைத்தார். மற்றவர்கள் அழுதபோது அவர் அழவில்லை. மஞ்சள் எங்கே, பூ எங்கே என்று கேட்டு ஆளை விரட்டிக்கொண்டிருந்தார்.

வாடகைக்கு எடுத்த பெரிய காற்றாடிகளுக்காக யாரோ குசினியின் பம்பு, விளக்குக் கம்பிகளைப் பிடுங்கியிருந்தார்கள். நான் ஒருமுறை உள்ளே போய்ப் பம்பை மறுபடி ஓடவிட்டுவிட்டு வந்தேன். பச்சை பாதி சுருங்கியிருந்தது. இன்று ஒரு நாள் தாங்கு என்று அதனிடம் சொன்னேன். கூடத்தில் அவள் கிடக்க, குசினியில் அவளுடையதிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறகு கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

எங்கள் வழக்கத்தில் பிணம் எடுத்ததும் ஆண்கள் மின்சுடலைக்குப் போவோம். பெண்கள் பின்தங்கி வீட்டைக் கழுவிவிடுவார்கள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு குவளைகூட இருக்கக் கூடாது. குடம், வாளி, கெண்டி, எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. என் அம்மா இறந்தபோது குளிர்சாதனப் பெட்டியிலிருந்த போத்தல் தண்ணீரைக்கூடக் கொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர் என்றுதான் என் மனதில் இருந்தது.

மின்சுடலையிலிருந்து திரும்பி, வாசலில் கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். வீடு முழுக்க குளோரின் வாடை. குசினியில் கறுப்புத் தொட்டிகள் கழுவிக் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நீலத் தோங்குகள் காலி. பின்கதவு திறந்திருந்தது. வெளியே சிமெண்டுத் தரையில், துணி காயவைக்கும் கம்பிக்குக் கீழே, கற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பச்சை நடுவில் இருந்தது. அது பச்சை என்று அதன் உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சதை எல்லாம் போய், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

அக்கா கூடத்துப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு இப்போதுதான் அவருக்கு அழுகை வந்திருந்தது.

"குசினியெல்லாம் கழுவிட்டேன் தம்பி. அவ எப்பவும் சுத்தமா வச்சிருப்பா, ஏன் இப்படி அழுக்குத் தண்ணியப் புடிச்சுப் போட்டு வச்சிருந்தான்னு தெரியல. கல்லெல்லாம் ஒரே வழவழப்பு. குளோரோக்ஸ் போட்டுத் தேச்சு வெயில்ல வச்சிருக்கேன்."

என் வாய் திறந்தது. நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. சோற்றில் உப்புக் கூடினாலே குரல் உயரும் ஆள். ஆனால் அவர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தேன். மருந்துத் தண்ணீர் பட்டுத் தோல் வெந்து, விரல் இடுக்குகள் சிவந்திருந்தன. காலையில் அவளைக் குளிப்பாட்டிய கைகள். நான் வாயை மூடிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

வீட்டில் உப்பு மட்டும் பாக்கி இருந்தது. வடிகட்டிய தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. காரியம் செய்தவன் அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். கேட்கவில்லை. ஈர வேட்டியோடு காரை எடுத்துக்கொண்டு கடைவரிசைத் தண்ணீர் மெஷினில் காசு போட்டுப் போத்தல் போத்தலாகப் பிடித்து வந்தேன். உப்பைக் கரைத்து, பம்பை மாட்டி, கற்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினேன். பச்சையை அவசரமில்லாமல்தான் தூக்கினேன். செத்ததைத் தண்ணீரில் போட்டால் பிழைக்காது என்று தெரியாத முட்டாள் இல்லை நான். தெரிந்தும் விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். விடிந்தபோது தண்ணீர் கலங்கி நாறியது.

அன்று அஸ்தி கரைக்கப் படகில் போனோம். பானையோடு ஒரு துணிப்பையும் கொண்டுபோனேன். அது என்ன என்று ஐயர் கேட்டார். அவளுடையது என்றேன். அவர் சேலை என்று நினைத்திருப்பார். பானையை இறக்கிய பிறகு பையையும் இறக்கினேன். கனமாக இருந்ததால் உடனே முழுகியது.

சில நாள் கழித்துத் தம்போய் முதலாளி கூப்பிட்டார். தொட்டி தயார், எப்போது கொண்டுவரட்டும் என்று மலாயில் கேட்டார். விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்று அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவர் அக்கா என்றது என் மனைவியை. விஷயத்தைச் சொன்னேன். பிறகு, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றார். கொண்டுவாருங்கள் என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் கேட்டது வரட்டுமே என்று நினைத்திருப்பேன். மீன்கள் அவரிடமே இருக்கட்டும் என்றும் சொன்னேன். ஐந்தடிக் கண்ணாடி கூடத்தில் வந்து உட்கார்ந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல்.

கருமாதி அன்று அக்கா வந்தார். படையல் முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தொட்டி முன்னால் நின்று, சேலைத் தலைப்பால் கண்ணாடியிலிருந்த ஒரு விரல் தடத்தைத் துடைத்தார்.

"பெரிய தொட்டிதான் தம்பி. பாத்திருந்தா துள்ளியிருப்பா." சுற்றிலும் பார்த்தார். "அந்தப் பூவெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? எப்ப இதுல விடுவீங்க?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. இத்தனை நாளும் அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். செய்தது தெரிந்து, குற்ற உணர்ச்சியில் பேசாமல் இருக்கிறார், நானும் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்ததெல்லாம் நீல விளக்கில் விரிந்து ஆடிய பூக்களைத்தான். குசினியில் விளக்கில்லாமல் சுருங்கிக் கிடந்து அவர் தேய்த்துக் கழுவியதெல்லாம் அவருக்கு வெறும் கல்.

"அந்தப் பச்சை ஆடுமே, அதை ஒரு தடவ பாக்கணும்போல இருக்கு. வீடியோ எடுத்து அனுப்புவா. அக்கா, இது உன் கல்யாணச் சேலை கலருன்னு சொல்லுவா. அதுல ஒரு சின்னத் துண்டு எனக்குக் குடுப்பீங்களா? எப்படி வளக்கறதுன்னு சொல்லிக் குடுங்க, நான் வளக்கறேன்."

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் எத்தனையோ முறை மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன், எல்லா வார்த்தைகளும் தயாராகவே இருந்தன. அவர் இன்னும் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கடைக்காரர்கிட்ட குடுத்துட்டேன்க்கா. மீனோட சேத்து. என்னால பாத்துக்க முடியாது."

அவர் கை நின்றது.

"குடுத்துட்டீங்களா?"

"ம்."

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. நானும் வரேன், இப்பவே போலாம்."

"வித்துட்டாராம்க்கா."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கல்யாணப் பந்தலில் தங்கையின் கையை என் கையில் வைத்தபோது பார்த்த அதே கண்கள்தான்.

"கருமாதி முடியற வரைக்கும்கூட வச்சிருக்க முடியலையா தம்பி உங்களால? உசிரா வளத்தாளே. எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

சத்தம் போடவில்லை. இலையில் உட்காரவும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். நான் பின்னாலேயே போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. பெண்டாட்டி சாம்பல் ஆறுவதற்குள் அவள் பொருளை விற்றுத் தின்றவன் என்று உறவில் என் பெயர் ஓடுகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், நான் தெரிந்தே வாங்கிக்கொண்டது இது. இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. சில நாள் ஆத்திரம் தாங்காமல் போனை எடுத்து அவர் எண்ணைத் தேடுவேன். நீங்கள்தான் கொன்றீர்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும். அந்த வெந்த கைகள் ஞாபகம் வந்து வைத்துவிடுவேன்.

கூடத்தில் அந்தத் தொட்டி காலியாகவே இருக்கிறது. வருகிறவர்கள் எதற்கு இது என்று கேட்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுகிறேன். போனது கல்தானே என்று அவர்கள் ஆறுதல் சொல்வார்கள், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அது கல்லில்லை என்று தெரிந்து, அந்தப் பச்சைக்காக என்னோடு உட்கார்ந்து அழக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். உலு திராமில் இருக்கிறார். அவரிடம் மட்டும் நான் சொல்ல முடியாது.