நாற்பத்தாறு நிமிடக் கார்டு

குற்றாலம் ஐந்தருவி ரோட்டில், அய்யாத்துரையின் சிப்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது ரெபேக்காளின் எடிட்டிங் அறை. பதினோரு வருடமாகக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறாள். இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள் பலர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள். ஒரு மாத லீவில் வந்து, கல்யாணத்தை முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். ஏறுமுன் வீடியோ கையில் இருக்கும் என்பதுதான் ரெபேக்காளின் வாக்கு. பெரிய ஸ்டூடியோக்களைத் தாண்டி அவள் மாடிக்கு ஆள் ஏறி வருவதே அதற்காகத்தான். இதுவரை ஒரு விமானத்தையும் அவள் தவறவிட்டதில்லை.

இந்த ஜூலையில் தவறிவிடும் போலிருந்தது. கிதிர் முகம்மதுவுக்குச் சனிக்கிழமை விடிகாலை திருவனந்தபுரத்தில் விமானம். புதன்கிழமை காலை, வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே படமாக்க, அவன் கல்யாணப் படத்தை முழுதாக ரெண்டர் போட்டபோது எழுபது சதவீதத்தில் திரை கறுத்தது. இரண்டாவது முறை அறுபதைக்கூடத் தாண்டவில்லை. பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் கிரைண்டர் மாதிரி இரைந்தன. வெளியே அருமையான சாரல். ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து, கணினிக்கும் குளிர்காற்று படட்டும் என்று பெட்டியை ஜன்னலோரமாக நகர்த்தித்தான் வைத்திருந்தாள். அப்படியும் கொதித்தது.

நாலு வருடக் கார்டு. வயசாகிவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான் என்று யூடியூபைத் திறந்தாள். வாயைப் பிளந்த முகங்கள், சிவப்பு அம்புக்குறிகள். ‘இதை வாங்காதவன் ஏமாளி’ என்றான் ஒருத்தன். அதே ஆள் போன வருடம் வந்த கார்டுக்கும் அதையேதான் சொல்லியிருந்தான். எல்லாரும் துப்பாக்கி விளையாட்டை ஓட்டிக் காட்டினார்கள். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த நிக்காஹ் காட்சியைத் தெளிவாக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு மனிதனும் சொல்லவில்லை. அருவருப்பாக இருந்தது. மூடிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக் கடைக்குக் கொண்டுபோனாள். கடையில் ஜெபஸ்டின் நின்றான். அவள் போகும் கோயிலில் கீபோர்டு வாசிக்கிற பையன்.

“யக்கா, இதப் போடுங்க. சும்மா பறக்கும். டபுள் ஸ்பீடு!”

“எதுல டபுள்?”

“எல்லாத்துலயும்தான்.” ஒரு விளையாட்டை ஓடவிட்டான். கவசம் போட்ட ஒருத்தன் மழையில் ஓடினான். “தண்ணி எப்படித் தெறிக்கி பாத்தியளா?”

“தண்ணி தெறிக்கத எங்க ஜன்னல்லயே பாத்துக்கிடுவேன்லே. எம் பெட்டியில மாட்டு. எம் படத்த ஓட்டு.”

“அதுக்கெல்லாம் நேரமாகும்க்கா...”

“ஆகட்டும். நான் எங்கயும் போகல.”

அவளிடம் பத்து நிமிடக் காட்சி ஒன்று உண்டு. எந்த மாற்றம் செய்தாலும் அதை ஓட்டிப் பார்த்து, ஆன நேரத்தை நோட்டில் எழுதிவைப்பாள். பழைய கார்டு வாங்கிய அன்று நாற்பத்தாறு நிமிடம். போன வாரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஜெபஸ்டின் முனகிக்கொண்டே பழையதை விளிம்பில் பிடித்துக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டுப் புதியதை மாட்டினான். ரெபேக்காள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தாள். காட்சி முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு நிமிடம்.

“பாத்தியளா! ரெண்டு மணி நேர வேலை முக்கா மணியில!”

“பழசு மொதநாளு நாப்பத்தாறுலே. நீ சொன்ன டபுள் அஞ்சு நிமிஷம்தானா?”

“அது அப்பம்க்கா. இப்பம் பழசாயிட்டுல்லா? பவர் சப்ளையும் சேத்து மாத்திட்டா இன்னும்...”

“அடுத்தாப்புல கட்டடத்தையும் மாத்தச் சொல்லுவியோ?”

ஜெபஸ்டின் பேச்சை மாற்ற, எக்ஸ்சேஞ்சில் எடுக்கலாம் என்று பழைய கார்டைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் கீழே வைத்துவிட்டு விரல்களைப் பார்த்தான்.

“யக்கா... என்ன இது? பிசுபிசுன்னு! கார்டா, பஜ்ஜியா?”

ரெபேக்காள் ஸ்குரூ டிரைவரை வாங்கி மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே தகடுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு கூழ். தூசி, முடி, இரண்டு ஈக்கள், எல்லாம் எண்ணெயில் ஊறி அடை மாதிரி ஒட்டியிருந்தன. காற்று போக ஊசிமுனை இடமில்லை. கிட்டே மூக்கைக் கொண்டுபோனாள். நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாசம். காறலெடுத்த சிப்ஸ்.

அவளுக்குப் புரிந்தது. சாரல் இறங்கினால் ஜன்னலைத் திறப்பது குற்றாலத்துக்காரர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதே சீசனில்தான் அய்யாத்துரையின் வாணலிகள் இரண்டும் ஜன்னலுக்கு நேர் கீழே காலையிலிருந்து ராத்திரிவரை கொதிக்கும். நாலு சீசனாகக் குளிர்காற்று என்று நினைத்து எண்ணெய்ப் புகையைக் கார்டுக்கு ஊட்டியிருக்கிறாள். அதே காற்றைத்தான் அவளும் இழுத்திருக்கிறாள். நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

“புதுசு வேண்டாம்லே. தொடைக்க ஸ்பிரிட்டும், சூடு எறங்கக் கார்டுல தடவுத பேஸ்டும் குடு.”

“அவ்வளவுதானா?” ஜெபஸ்டின் முகம் சுருங்கியது.

“பின்ன? இதையும் அங்கன கொண்டு வச்சா நாலு வருசத்துல இதுவும் பஜ்ஜிதான்.”

மத்தியானம் முழுக்க மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது; மூன்று முறை எழுந்துபோய்க் கை கழுவினாள். சாயந்திரம் மாட்டி, பத்து நிமிடக் காட்சியை ஓட்டினாள். நாற்பத்தேழு நிமிடம். நோட்டில் எழுதிவிட்டு, ஜன்னலை இறுகச் சாத்தி, சாரலில் ஏசியைப் போட்டு, கிதிர் முகம்மதுவின் படத்தை ரெண்டரில் விட்டாள்.

கீழிருந்து அய்யாத்துரை குரல் கொடுத்தார். “ஏ ரெபேக்கா! ஊரே சாரலுக்கு வந்து நிக்கி. நீ என்ன ஜன்னலச் சாத்திட்டுக் கெடக்க?”

“உங்க சிப்ஸத் தின்னே எங் கார்டு செத்துப் பொழைச்சிருக்கு அண்ணாச்சி!”

“துட்டு குடுத்துத் தின்னுச்சா?” என்று சிரித்தார் அவர்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிதிர் முகம்மது மாடியேறி வந்தான். பென் டிரைவை வாங்கி, அங்கேயே நிக்காஹ் காட்சியைப் போட்டுப் பார்த்தான். தன் வாப்பா கண்ணைத் துடைக்கிற இடத்தில் நிறுத்தி, மறுபடி பார்த்தான்.

“கெடைக்காதுன்னுதான் நெனச்சேன்க்கா. அங்க கொண்டுபோறதுக்குக் கீழ அஞ்சு கிலோ வாங்கினேன். இது உங்களுக்கு. சூடா இருக்கு.”

நீட்டியது சிப்ஸ் பொட்டலம். காகிதத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. ரெபேக்காள் அதை இரண்டே விரலால் வாங்கி, கணினியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில், கதவுக்கு வெளியே படியில் வைத்தாள்.

“நல்லபடியாப் போய்ட்டு வா தம்பி” என்றாள், கையைத் துடைத்தபடி.